மரிய திரேசம்மாளை மூழ்கடித்தல்

தோணிகள் கடலில் மூழ்குகின்றன என்று மக்கள் பரவலாக நம்புகிறார்கள். இந்த நம்பிக்கைக்குப் போதிய ஆதாரம் கிடையாது என்பதை மிகுந்த வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு தோணி மூழ்கியதென்றால் அது மூழ்கியதை ஒருவன் பார்த்திருக்க வேண்டும். பார்த்தவன் உயிரோடு கரை சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்தவன் அதை நிதானத்தில் இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டும். இந்த மூன்றும் பொருந்தி வந்த தோணிகள் தூத்துக்குடித் துறையின் ஞாபகத்தில் ஒன்றிரண்டு தேறலாம். மற்றதெல்லாம் வராமல் போனவை. மூழ்குவது ஒரு நிகழ்ச்சி, அதற்கு இடமும் வேளையும் உண்டு; வராமலிருப்பதற்கு இரண்டும் கிடையாது, அது இன்றைக்குக் காலையிலும் நடந்துகொண்டுதான் இருக்கிறது, இதோ இந்த நிமிஷத்தில் மரிய திரேசம்மாள் என்னும் மூன்று மரத்துப் பாய்த்தோணி எங்கேயோ வராமல் இருந்துகொண்டிருக்கிறது என்று, பங்குச் சாமியார் பங்களாவின் முன்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த இஞ்ஞாசி கர்வாலோ வாத்தியார் நினைத்துக்கொண்டார். நினைத்ததும், கடைசிப் பெஞ்சிலிருந்து சரியான விடை வந்துவிட்டதைப் போலத் தலையை ஒரு முறை ஆட்டினார். ஆட்டிய பிறகுதான் இன்றைக்கு இது சரியான விடை இல்லை என்பது உறைத்தது. எதிரே கதவு சாத்தியிருந்தது. அது திறந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டால், உள்ளே போய் வேதப்புத்தகத்தில் கை வைத்து, அந்தத் தோணி அழிந்துபோயிற்று, எனக்கு நிச்சயம் என்று சொல்ல வேண்டும். சொன்னால் பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருக்கும் பிரகாசி விதவை ஆவாள். விதவை ஆனால், பெண்சாதியைப் பறிகொடுத்த ஐஸ் கம்பெனி மேஸ்திரி சிலுவை அவளைக் கட்டிக்கொள்ளலாம். சொல்லாவிட்டால் அவள் அந்தத் தோணியில் பண்டாரியாகச் சோறு பொங்கப் போன தொம்மையின் பெண்சாதி, தொம்மை வரும்வரைக்கும், அல்லது உலகம் முடியும்வரைக்கும், எது முந்தியோ அதுவரைக்கும். சாமியார் போன வாரமே சொல்லிவிட்டார்: மற்றவர்கள் பேச்சு பேச்சுதான், இஞ்ஞாசி படித்தவர், அந்தத் தோணியின் பிறப்பு வளர்ப்பெல்லாம் அவருக்குத்தான் தெரியும், அவர் நிச்சயம் என்றால் நான் ஆயருக்கு எழுதி அனுப்புகிறேன்.

காற்று தெற்கேயிருந்து வந்தது. கருவாட்டு வாசம், அதற்குப் பின்னால் உப்பளத்து வாசம், உப்புக்கு வாசமே கிடையாது, வாசம் அதில் உள்ள சேற்றுக்குத்தான் என்று அவர் பல முறை பல பேருக்குச் சொல்லியிருக்கிறார், ஒருவரும் அதனால் மூக்கை மாற்றிக்கொள்ளவில்லை. ஜன்னலுக்கு அப்பால் கடல் வெயிலில் தகரம் மாதிரி கிடந்தது. அதில் ஒரு பாய் தெரிந்தது, கண்ணை இடுக்கினால் இரண்டு, இன்னும் இடுக்கினால் ஒன்றுமில்லை. அவருக்கும் பிரகாசிக்கும் நடுவில், வேறொரு தோணியை ஓட்டும் கித்தேரியான் தண்டல், முழங்கால் இரண்டையும் அகட்டி, பெஞ்சையே தோணியாக்கி ஓட்டிப் போகிறவர் போல் உட்கார்ந்திருந்தார். மரிய திரேசம்மாளைக் கடைசியாகக் கடலில் பார்த்தவர் அவர்தான். உள்ளே போய்ச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வந்தாயிற்று. ஆனாலும் எழுந்து போகவில்லை, முடிவு என்னவென்று பார்க்காமல் போக அவருக்கு மனசில்லை. “என்ன வாத்தியாரே, வாயே தொறக்க மாட்டேங்கீரு. உள்ள போயி பேசுததுக்குச் சேத்து வைக்கீராக்கும்,” என்றார். வாத்தியார், “நீர் எந்த இடத்தில் பார்த்ததாகச் சொன்னீர்?” என்று கேட்டார். “எத்தன தடவவே சொல்லுதது. கொழும்பு வெளக்கு தெரியுததுக்கு முந்தி.” “முந்தி என்றால்?” “முந்தின்னா முந்திதான். கடல்ல மைல் கல்லா நட்டு வச்சிருக்கு?” “தெற்கே பார்த்து ஓடியது என்றீர். கொழும்புக்குப் போகிறவன் ஏன் தெற்கே போகிறான்?” “அத அவன்கிட்டல்லா கேக்கணும்.” “நீர் கேட்டிருக்கலாமே, எங்கே போறீங்கன்னு.” தண்டல் அவரை ஏற இறங்கப் பார்த்தார், கோயிலுக்குள் செருப்போடு வந்தவனைப் பார்ப்பது போல. “போறவன எங்க போறேன்னு கேக்கப்படாதுவே. தெருவுலயே கேக்கப்படாது. கடல்ல கேப்பாவளா?” வாத்தியாருக்கு இது தெரியும். இந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். இரண்டு தோணி கடலில் எதிர்ப்பட்டால் பாயைத் தளர்த்தி, கையை வாயில் குவித்து, எதை வேண்டுமானாலும் கேட்கலாம், மாமியார் உடம்பு எப்படி என்றுகூடக் கேட்கலாம். எங்கே என்ற ஒன்றைத் தவிர. “சோறாச்சான்னு கேட்டீங்கல்லா மாமா,” என்றாள் பிரகாசி அந்தக் கோடியிலிருந்து. சேலைத் தலைப்பு தலையில் இருந்தது, முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. “கேட்டேன் மக்கா. ஆச்சுன்னு சத்தம் வந்துது.” “யாரு சொன்னாவ?” “தொம்மைதான். பண்டாரி இருக்கையில சோத்தப் பத்தி வேற எவன் பதில் சொல்லுவான்.” இதை அவள் எத்தனையோ முறை கேட்டு எத்தனையோ முறை தெரிந்துகொண்டவள். முன்பெல்லாம் கேட்கும்போது கண் பளபளக்கும். இன்று, கணக்கு சரியா என்று ஒரு முறை தட்டிப் பார்ப்பவள்போல் கேட்டுவிட்டு மறுபடி ஜன்னலைப் பார்த்தாள்.

ஆக அந்தத் தோணியைப் பற்றி உலகம் அறிந்த கடைசிச் சொல் ஆச்சு என்பது. அதற்கு முந்தின சொற்கள் எல்லாம் வாத்தியாருக்கு மனப்பாடம். அடிமரம் வேம்பு, விலா எலும்பு மாதிரி வளைந்த வங்கு இலுப்பை, பலகை மலையாளத்துத் தேக்கு, அதில் பாதி தேக்கு என்று சொல்லி விற்ற வேறு ஏதோ மரம். பலகை இணைப்புகளில் திணித்த பஞ்சும் குங்கிலியமும். முதல் மரம் நாட்டும்போது அடியில் வைத்த பவுன் காசு, அதை வைத்தது பவுன்தானா என்று தச்சர்களுக்கும் முதலாளிக்கும் நடந்த சச்சரவு. எல்லாவற்றையும்விட பெயர். முதலாளி தன் தாயாரின் பெயரைத் தோணிக்கு வைத்தார். உயிரோடிருப்பவர் பெயரைத் தோணிக்கு வைக்கக் கூடாது என்று ஊர் சொன்னது. அப்படி ஒரு சாஸ்திரமும் எங்கேயும் இல்லை என்று வாத்தியார் சொன்னார், அவரைத்தான் கேட்டார்கள், அவர் சொன்னதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு துறைமுகத்தில் மரிய திரேசம்மாளுக்கு அடிப்பக்கம் சுரண்ட வேண்டும், மரிய திரேசம்மாள் கொஞ்சம் இடது பக்கம் சாய்கிறாள், மரிய திரேசம்மாளுக்குச் சுமை ஏற்றினால் முனகுகிறாள் என்றெல்லாம் ஆட்கள் சத்தமாய்ப் பேசும்போது, மெத்தை வீட்டு மாடியில் உண்மையான மரிய திரேசம்மாள் காது கேட்காத பாவனையில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். தோணி வரவில்லை என்றானபோது மரிய திரேசம்மாளைக் காணோம் என்று கடற்கரையெல்லாம் பேச்சு. அவள் மாடியில் உட்கார்ந்து விளமீன் குழம்பு கேட்டாள். அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தாள். மகன்தான் முதலில் போனார். அவள் செத்தபோது இழவுக்கு வந்தவர்களில் ஒருவன் அப்பாடா, கரை சேர்ந்துவிட்டாள் என்று சொன்னதாகவும், சொன்னவனை யாரும் அடிக்கவில்லை என்றும் கேள்வி. இவையெல்லாம் உண்மை. உண்மையாக இருந்து என்ன செய்ய, இவற்றில் ஒன்றும் தோணியை மூழ்கடிப்பதற்கு உதவாது. உள்ளே சாமியார் கேட்கப்போவது பிறப்பு வளர்ப்பை அல்ல. சாவை. சாவை மட்டும் வாத்தியார் படிக்கவில்லை. அதை அவர் படிக்காமல் விட்டதற்கு ஒரு காரணம் இருந்தது, அந்தக் காரணம் பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்து கட்டைவிரலால் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

அந்தக் கை முட்டை அடிக்கும் கை. மக்ரூன் போடும் பேக்கரியில் அவளுக்கு வேலை. பெரிய வெண்கலச் சட்டியில் முட்டை வெள்ளைக்கருவை அடித்து அடித்து, சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத நுரையாக்க வேண்டும், பிறகுதான் சீனி, பிறகுதான் முந்திரித் தூள். ஞாயிற்றுக்கிழமைகளில் பேக்கரிக்கு விடுமுறை, ஆனால் அவள் வீட்டிலும் ஒரு சின்னச் சட்டி வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்துக்கு அடித்துக் கொடுப்பாள். பூசை முடிந்து வாத்தியார் அங்கே போவார். முதல் தடவை போனது துக்கம் கேட்க; துக்கமா இல்லையா என்று தெரியாததால் என்ன கேட்பதென்று தெரியாமல், மாசி மாதத்தில் கடல் நீர் மேற்கே ஓடும் என்றார். அவள் அடிப்பதை நிறுத்தி, மேற்கே என்ன இருக்கு என்றாள். மாலத்தீவு இருக்கிறது என்றார். அங்க மனுசங்க இருக்காவளா? இருக்கிறார்கள், தேங்காய் இருக்கிறது, மாசிக் கருவாடு அங்கேயிருந்துதான் வருகிறது. அவ்வளவுதான் சொன்னார். அவள் முகத்தில் ஏதோ ஒன்று மேலே வந்தது, தண்ணீருக்குள் அமுக்கின சுரைக்குடுக்கை கையை விட்டு மேலே வருவது போல. அடுத்த ஞாயிறு மாலத்தீவுக்கும் அப்பால் என்ன இருக்கிறது என்பதைப் படித்துக்கொண்டு போனார். அதற்கடுத்த ஞாயிறு சீசெல்ஸ். காற்று மாறினால் நீரோட்டமும் மாறும் என்பது விதி. ஆகவே வைகாசியில் தோணியைத் திருப்பினார், ஆனி ஆடியில் அது கிழக்கே சுமத்ராப் பக்கம் ஒதுங்கியது, மார்கழியில் மறுபடி மேற்கே புறப்பட்டது. இப்படி வருஷத்துக்கு ஒரு முறை மரிய திரேசம்மாள் இந்துமகா சமுத்திரத்தை அகலவாட்டில் போய்வந்துகொண்டிருந்தாள். பொய் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு வாக்கியத்திலும் கூடும், இருக்கலாம், மறுப்பதற்கில்லை என்று சேர்த்துக்கொள்வார்; அவள் அந்தச் சொற்களைக் கேட்கும்போது நுரையை அடித்துக்கொண்டிருப்பாள், சத்தத்தில் அவை காதில் விழாது. சட்டியில் வெள்ளை எழும்பும். ஒரு மக்ரூன் உடைந்ததாகச் சொல்லி அவர் பக்கம் தள்ளுவாள், உடைந்திருக்காது. வாயில் வைத்தால் கரைந்து, இருந்ததா இல்லையா என்று சந்தேகம் வரும்படி போய்விடும். அந்த ஞாயிறுகளுக்கு அவர் பெயர் வைத்ததில்லை. இலத்தீனில் ஒன்று இருந்தது, தமிழில் மூன்று இருந்தன, நான்கும் ஐம்பது வயதைத் தாண்டிய, அக்காள் மகன் வீட்டில் ஓரறையில் இருக்கிற, மூல உபாதைக்காரனுக்குப் பொருந்தவில்லை.

போன ஞாயிறு அவள் சட்டியை எடுக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து, “வாத்தியாரய்யா, ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை அதை மெதக்க வச்சது நீங்கதான். நீங்களே முக்கிட்டு வந்துருங்க,” என்றாள். கோபம் இல்லை. வாளியைக் கிணற்றில் விடச் சொல்வதைப் போல் சொன்னாள். சிலுவையின் பெண் குழந்தைக்குக் காய்ச்சல் என்று இரண்டு ராத்திரி போய் இருந்திருக்கிறாள். குழந்தை காய்ச்சலில் அவளை அம்மா என்று கூப்பிட்டுவிட்டதாம். காய்ச்சல் விட்ட பிறகும் கூப்பிட்டதாம். சிலுவையின் அக்காள் மணப்பாட்டில் வேறு பெண் பார்த்து வைத்திருக்கிறாள், மாதா திருநாள் வரைக்கும்தான் பொறுப்பாளாம். “ஒங்களுக்குத் தெரியாததா. எங்கயாவது ஒரு எடத்துல முக்கிருங்க.” அவர், பார்க்கிறேன் என்றார். அன்றிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். சாப்பிடும்போது, வகுப்பில் வரைபடத்துக்கு முன்னால் நிற்கும்போது, கால் கழுவும்போது, இப்போது இந்தப் பெஞ்சில். முதலில் புயல், அது எல்லோருக்கும் பிடித்த வழி, சாமியாருக்கும் பிடிக்கும், எழுத வசதி. ஆனால் தோணி போனது மாசி மாதம். அந்த மாசியில் கடல் தாம்பாளத்தில் ஊற்றிய எண்ணெய் மாதிரி இருந்தது, கித்தேரியான் தோணியே பாயைத் தொங்கவிட்டுக் கிடந்து கிடந்துதான் வந்து சேர்ந்தது. புயல் அடிக்காத மாதத்தில் புயலைக் கொண்டுவர அவருக்கு நா எழவில்லை. சரி, பாறை. கொழும்புக்குத் தெற்கே பாறை உண்டு. ஆனால் பாறையில் மோதினால் சரக்கு மிதந்திருக்கும், அடியில் கூரை ஓடு, மேலே வெங்காயம், ஓடு போகட்டும், வெங்காயம் மிதக்கும் என்பதை அவரே ஒரு பக்கெட் தண்ணீரில் போட்டுப் பார்த்திருக்கிறார். கடல் முழுக்க வெங்காயம். கண்ணை மூடினால் அது தெரிந்தது, கண்ணுக்கெட்டிய வரை இளஞ்சிவப்பாய்க் குலுங்கிக்கொண்டு, அலைக்கு எழும்பி அலைக்கு இறங்கி, ஒவ்வொன்றும் தன் தோலை மெல்ல மெல்ல உரித்துக்கொண்டு. ஒன்றுகூடக் கரை ஒதுங்கவில்லை. இலங்கைக் கரையில் சிலாபத்துப் பக்கம் ஒரு குப்பத்தில் அந்த மாதம் தெருவெல்லாம் வெங்காய வாசம் என்று யாரோ சொல்லக் கேட்டு, ஆள் விட்டு விசாரித்தார், கலியாண வீடு. நெருப்பு? பண்டாரியின் அடுப்பிலிருந்து? அங்கே போனதும் மனசு எப்போதும்போல் சட்டென்று திரும்பிக்கொண்டது, அடுப்புப் பக்கம் போகாமல் பாய்க்குப் போனது, பாயில் காற்று நிறைந்திருந்தது, தோணி சுகமாக ஓடியது. இதுதான் தொல்லை. எந்தப் பக்கம் அமுக்கினாலும் அது இன்னொரு பக்கம் எழும்பி ஓடியது. அவ்வளவு நன்றாகக் கட்டிவிட்டிருந்தார்.

கோயில்பிள்ளை கதவைப் பாதி திறந்து எட்டிப் பார்த்து, “சாமி காப்பி குடிக்காவ, இன்னும் கொஞ்சம் இருங்க,” என்று சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். பாதி எழுந்த வாத்தியார் மறுபடி உட்கார்ந்தார். இன்னும் கொஞ்சம். நிச்சயம் இல்லை என்று சொன்னால் என்ன? உண்மை அதுதானே. உள்ளே போய், சாமி, கண்டவர் இல்லை, பலகை கிடைக்கவில்லை, நிச்சயம் என்ற சொல்லுக்கு ஒரு பொருள் இருக்கிறது என்று ஆரம்பித்தால் சாமியாரே இலத்தீனில் ஒத்து ஊதுவார். மனசாட்சி சுத்தம். அடுத்த ஞாயிறு சட்டி எடுப்பாளா? எடுப்பாள், பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, ஒரு மாதம் முகம் கொடுக்கமாட்டாள், பிறகு மார்கழி வரும், நீர் மேற்கே திரும்பும். இந்த எண்ணம் எவ்வளவு சுகமாய், எவ்வளவு முறையாய் வந்தது என்பதைப் பார்த்து அவர் பெஞ்சில் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். உண்மை பேசுகிறவன் என்று பெயர் வாங்கினவன் உண்மையை எதற்கெல்லாம் பயன்படுத்துகிறான். இன்னொன்றும் இருந்தது. தோணியில் தொம்மை மட்டுமா போனான்? தண்டலும் ஆட்களுமாக ஏழெட்டு வீட்டு ஆண்கள் போனார்கள். அந்த வீடுகளில் யாரும் மனு கொடுக்கவில்லை. ஒருத்திக்காக மூழ்குகிற தோணி எல்லோருக்குமாக மூழ்கும். தொம்மையை மட்டும் அடுப்போடு இறக்கிவிட்டு மற்றவர்களை ஓட்டிப் போ என்று கடலிடம் சொல்ல முடியாது. இது அவருக்கு ஒரு நல்ல காரணமாகப் பட்டது. நல்ல காரணமாகப் பட்டதாலேயே அதை நம்ப முடியவில்லை. “வேர்க்குதே உமக்கு,” என்றார் கித்தேரியான், துண்டை நீட்டி. “சத்தியம் பண்ணப்போறவனுக்கு வேர்க்கணும். எனக்கு வேர்க்கல, நான் பாத்தத சொன்னேன். நீரு பாக்காதத சொல்லணும்லா.” “மாமா, அவுகளச் சும்மா விடுங்க,” என்றாள் பிரகாசி. “நான் என்ன பிள்ள செஞ்சேன், துண்டுதான குடுத்தேன்.” துண்டில் சுறா எண்ணெய் வாசம் அடித்தது. வாத்தியார் அதைக் கண்ணில் வைத்து அழுத்திக்கொண்டார்.

துண்டுக்குள் இருட்டு, இருட்டுக்குள் தோணி. பெஞ்சு லேசாக ஆடியது, கித்தேரியான் காலை ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும், அல்லது மாசி மாதத்து நீர். தோணியின் முன்முனையில், அணியத்தில் நின்றார். எல்லாம் அவர் அறிந்தபடியே இருந்தது, வேப்பமரத்து அடி, இலுப்பை வங்கு, தேக்கும் தேக்கல்லாததும், இடது பக்கம் சின்னச் சாய்வு. ஆட்கள் முதுகு காட்டி நின்றார்கள். இத்தனை வருஷமும் அவர்கள் முதுகைத்தான் காட்டியிருக்கிறார்கள் என்பதை இப்போது கவனித்தார். பின்பக்கமாக நடந்தார், பாயின் நிழல் அவர்மேல் ஏறி இறங்கியது, வெங்காயச் சாக்குகளைச் சுற்றிப் போனார், கடைசியில் அடுப்பு. மணல் பரப்பின மரப்பெட்டிக்குள் மூன்று கல். ஞாயிறு தவறாமல் ஓட்டிய தோணியில் இந்த ஒரு மூலைக்கு மட்டும் அவர் வந்ததே இல்லை. தொம்மை குனிந்திருந்தான். முகம் எப்படி இருக்கும்? ஒரு முறை சந்தையில் பார்த்திருக்கிறார், கன்னத்தில் ஒரு வடு, அல்லது அது வேறு யாரோ. எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். தொம்மை கோபிக்கவில்லை, நிமிரவும் இல்லை. பானையைச் சாய்த்துக் காட்டினான். பானை காலி. அருகே அரிசி மூட்டை, அடியில் கையை விட்டுத் துழாவிக் காட்டினான், நாலு மணி ஒட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர்ப் பீப்பாயைத் தட்டினான், அது கோயில் மணிபோல் வெறுமையாய்ப் பேசியது. கொழும்புக்குப் போகிற தோணி எவ்வளவு அரிசி ஏற்றும்? கொழும்புக்குப் போகிற அளவு ஏற்றும். நாலு நாள் காற்று பொய்த்தால் சமாளிக்கக் கொஞ்சம். மாலத்தீவுக்கும் சீசெல்ஸுக்கும் சுமத்ராவுக்கும், மார்கழிக்கும் ஆடிக்கும், போகவும் வரவும், யார் அரிசி ஏற்றினார்கள்? மரத்தைக் கணக்கில் எடுத்தார், காற்றை எடுத்தார், நீரை எடுத்தார், வெங்காயத்தை ஒரு பக்கெட்டில் போட்டு மிதக்கவிட்டுப் பார்த்தார். சோற்றை நினைக்கவில்லை. சோற்றை நினைத்தால் சோறு பொங்குகிறவனை நினைக்க வேண்டும், அவனை நினைத்தால் அவனுக்காக ஒருத்தி சட்டியும் கையுமாய் உட்கார்ந்திருப்பதை நினைக்க வேண்டும். ஏதாவது தீவில் இறங்கி அரிசி வாங்கியிருக்கக் கூடும் என்று அவருடைய நாக்கு பழக்கத்தில் ஆரம்பித்தது. இறங்கினவன், வயிறு நிறைந்தவன், ஒரு கப்பல்காரனிடமாவது ஒரு சொல் சொல்லி அனுப்பியிருப்பான். உயிரோடு தின்றுகொண்டிருக்கிற பண்டாரி ஊருக்குச் சொல்லாமல் இருக்கமாட்டான். இருக்கலாம், மறுப்பதற்கில்லை, கூடும் என்ற மூன்று சொற்களையும் அவர் தேடினார். தேக்கும் தேக்கல்லாததும் காலடியில் ஈரமாகியிருந்தன. தண்ணீர் கொந்தளிக்கவில்லை, பாயவில்லை. வீட்டுக்குள் நிழல் வருவது மாதிரி வந்தது. தொம்மை இப்போது நிமிர்ந்தான். கன்னத்தில் வடு இல்லை. இருபத்தைந்து வயது இருக்கும், அவ்வளவுதான் இருக்கும், இத்தனை வருஷத்தில் அவனுக்கு ஒரு நாள்கூட வயதாகவில்லை.

“வாத்தியாரே, கூப்பிடுதாவ,” என்று கித்தேரியான் முழங்கையால் இடித்தார். கதவு திறந்திருந்தது. துண்டைக் கொடுத்துவிட்டு எழுந்தார், கால் மரத்திருந்தது, பிரகாசியைக் கடந்துதான் போக வேண்டும், கடந்தார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை, காலை மட்டும் உள்ளே இழுத்து வழி விட்டாள். உள்ளே சாமியார் காப்பி டம்ளரை ஓரமாய்த் தள்ளிவிட்டுப் பேனாவை எடுத்தார். புத்தகத்தின் தோல் அட்டை குளிர்ச்சியாக இருந்தது. “இஞ்ஞாசி, சுத்திவளைக்காமக் கேக்குறேன். மரிய திரேசம்மாள் தோணி ஆட்களோட அழிஞ்சுபோச்சுன்னு உமக்கு நிச்சயமா?” “நிச்சயம், சாமி.” சாமியார் கொஞ்சம் திகைத்தார், இந்த மனிதரிடமிருந்து கிளை பிரியாத ஒரு வாக்கியத்தை அவர் இதற்குமுன் கேட்டதில்லை. “புயலா?” “புயல் இல்லை. அந்த மாசியில் காற்றே இல்லை.” “பாறையா?” “தெரியாது.” “பெறகு எத வச்சு நிச்சயம்ங்கீரு?” “அரிசி இல்லை, சாமி.” பேனா நின்றது. சாமியார் வாத்தியாரின் முகத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். அவரும் கடற்கரை ஊரில் பிறந்தவர்தான். “அரிசின்னே எழுதட்டுமா?” “எழுதுங்க.” எழுதினார். “தொம்மை ஒருத்தன் பேரை மட்டும் போட்டா ஆயர் கேப்பாரு, மத்தவங்க என்ன ஆனாங்கன்னு,” என்றார் தலை நிமிராமல். வாத்தியார் புத்தகத்திலிருந்து கையை எடுக்கவில்லை. “எல்லாருக்கும் சேர்த்து ஏற்றின அரிசிதான், சாமி.” கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டார், வழக்கமாகப் பெயருக்குக் கீழே இழுக்கும் சுழியை இழுக்க மறந்துவிட்டார்.

வெளியே வந்தபோது கித்தேரியான் வாசலில் நின்று சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். பிரகாசி பெஞ்சை விட்டு எழுந்து நின்றாள். அவர் தலையை அசைத்தார். அவள் சேலைத் தலைப்பை இன்னும் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துக்கொண்டு, மெல்லிய குரலில், “எந்த எடத்துல?” என்றாள். “கொழும்பு விளக்கு தெரிவதற்கு முந்தி.” “முந்தின்னா?” “முந்திதான்,” என்றார் வாத்தியார். அவள் சரி என்பதுபோல் கண்ணை மூடித் திறந்தாள். குழந்தை தனியாக இருக்கும், போகணும் என்றாள். படியிறங்கி வெயிலுக்குள் போனாள்.

அன்று சாயங்காலம் கடற்கரையை ஒட்டிய தெருக்களில் ஏழு வீடுகளில் அடுப்பு பற்றவைக்கவில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து சோறு கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.